நிழல் பின்தங்கிய படகு

கஸ்பார் தண்டல் சொல்வதில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பாதியாக்கினால் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போகலாம் என்று தூத்துக்குடிக் கடற்கரையில் சொல்வார்கள். ஒரு காலத்தில் தோணிக்குத் தலைவராக இருந்தவர், அதனால் தண்டல் என்ற பட்டம். இதெல்லாம் தெரிந்தும் அவரிடம் படகு பார்க்கப் போன புத்திசாலி நான்தான்.

வேறு வழியில்லை. மாதா திருவிழாப் பாய்மரப் போட்டிக்கு என் மச்சினன் ராயப்பன் என்னைச் சவாலுக்கு இழுத்துவிட்டான். தோற்றவன் ஜெயித்தவனின் படகுக்கு வருசம் முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டும். எனக்குப் படகே கிடையாது என்கிற தைரியம் அவனுக்கு. என் மனைவி ரீத்தா ரோஷக்காரி. தம்பியாவது ஒன்றாவது என்று தன் வளையல்களை விற்று, பணத்தை மடியில் முடிந்துகொண்டு கூடவே வந்துவிட்டாள்.

முட்டளவுத் தண்ணீரில் இரண்டு படகுகள் விற்பனைக்கு நின்றன. ஒன்று ஜோயலின் புது பைபர் படகு, அப்பளம் மாதிரி லேசு. இன்னொன்று கஸ்பார் தண்டலின் தேக்குப் படகு. அதற்கு என்னைவிட வயது அதிகம். ஜோயல் ரெண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டான்.

"எடை கம்மிண்ணே. பாயை ஒத்தைக் கையால ஏத்திரலாம்."

கஸ்பார் தண்டல் வேட்டியை மடித்துக் கட்டினார். "மாப்ள, இது படகா வே? சோப்பு டப்பா! ஒரு பக்கம் கொக்கு வந்து உக்காந்தா, சாயாம இருக்க மறுபக்கத்துக்கு இன்னொரு கொக்கைக் கூப்பிடணும். நம்ம படகு தேக்கு. உசுருள்ள மரம். போன மழைக்குப் பாய்மரம் துளிர் விட்டுட்டு. காக்கா கூடு கட்டி நாலு குஞ்சு பொரிச்சது. நான்தான் அதுக்குக் கிளை வெட்டி விட்டேன்."

"உள்ள கணுக்கால் தண்ணி நிக்கே மாமா?" என்றாள் ரீத்தா, எட்டிப் பார்த்து.

"அது கசிவுன்னு நினைச்சியா தாயி? குடிதண்ணி! கடல் தண்ணியத் தேக்கு வடிகட்டி உள்ள வாங்கும். ஒரு தடவ நடுக்கடல்ல காத்து நின்னு போச்சு. பத்து நாள் இதத்தான் குடிச்சேன். கருப்பட்டி போட்டுக் காப்பி வேற."

ரீத்தா விரலை விட்டு நாக்கில் வைத்தாள். "உப்புக் கரிக்கே."

"நேத்து கருவாடு கழுவுனேன்."

ஜோயல் வாயைப் பொத்திக்கொண்டான். எனக்கு ஓட்டை உடைசலைப் பற்றிக் கவலையில்லை, பெயிண்ட் டப்பாவோடு நான் ராயப்பன் காலடியில் உட்கார்ந்திருக்கும் காட்சிதான் கண்முன்னே வந்துகொண்டிருந்தது. "வேகம் எப்படி மாமா?" என்று கேட்டேன். எரிகிற அடுப்பில் நானே எண்ணெய் ஊற்றிவிட்டேன்.

"வேகமா? மணப்பாட்டுல இருந்து ஒரு நாள் வாரேன். மொட்டை வெயில். கரையில இறங்கிக் குனிஞ்சு பாக்கேன், படகுக்கு நிழலக் காணோம்! பதறிப் போயிட்டேன். ஒரு பீடி இழுத்து முடிக்கேன், அந்தா தூரத்துல கறுப்பா ஒண்ணு தண்ணி மேல வருது. நிழல் வே! பின்தங்கிப் போச்சு. மூச்சு வாங்கிக்கிட்டு வந்து படகுக்கு அடியில பொத்துன்னு விழுந்திச்சு. பாவமாப் போச்சு எனக்கு. அன்னையில இருந்து மேகமூட்டம் பாத்துத்தான் படகு எடுக்கேன்."

"அப்ப பைபர் எவ்வளவு வேகம் போகும்?" என்றேன்.

"அதையும் கேளும். கடல்ல போகையில ஒரு திமிங்கிலம் வாயத் தொறந்துச்சு. நம்ம தேக்கு வந்த வேகத்துக்கு நிப்பாட்ட முடியல, உள்ள போயிட்டோம். வயித்துக்குள்ள ஒரே இருட்டு. தீக்குச்சி கிழிச்சா, அங்க ஒரு பைபர் படகு காத்தில்லாம நிக்கி! அதுல இருந்தவன், 'தண்டல், ஒரு கயிறு போடும்'னு அழுதான். கட்டி இழுத்துக்கிட்டு, திமிங்கிலம் தும்முன தும்மல்ல பாய விரிச்சு வெளிய வந்தேன். அந்தப் படகு எது வே? இந்தா நிக்கே, ஜோயல் படகு!"

"நான் இதை வாங்கியே ஏழு மாசம்தான் ஆகுது. ஒருத்தரும் என்ன இழுக்கல," என்றான் ஜோயல்.

"நன்றி கெட்ட பய. அழுததெல்லாம் மறந்துட்டான்."

சிரிப்பு வந்தாலும், என் மனசு தேக்குப் பக்கம் சாய்ந்துவிட்டது. புளுகு புளுகுதான், ஆனால் நூற்றில் ஒரு பங்கு நிஜமாக இருந்தாலும் ராயப்பன் காலி. ரீத்தாவைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் மடிமுடிச்சை அவிழ்த்தாள். கஸ்பார் தண்டல் முகத்தில் நிலா உதித்தது.

"வாங்கிருவோம் மாமா. ஒரு வெள்ளோட்டம் மட்டும் பாத்துருவமா?" என்றாள் ரீத்தா.

எங்கள் கடற்கரையில் கடலில் ஓட்டிப் பார்க்காமல் ஒருவரும் படகுக்குக் காசு கொடுக்க மாட்டார்கள். பெற்ற மகன் விற்றாலும் வெள்ளோட்டம் உண்டு. பாய் சுருட்டிக் கட்டியபடியே இருந்தது. உள்ளே தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"வெள்ளோட்டமா? இப்பத்தான தாயி போயிட்டு வந்துச்சு! நீ குனிஞ்சு முடிச்ச அவுத்த பாரு, அதுக்குள்ள முயல்தீவ ஒரு சுத்து சுத்திட்டு வந்து நின்னுட்டு. வேகம் அப்படி. உன் கண்ணுக்குச் சிக்கல."

ரீத்தா பணத்தை மறுபடி இறுக்கி முடிந்தாள். ஜோயலின் படகில் ஒரு காலை வைத்து ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க கேட்ட பணமும் உங்க கைக்கு வந்துட்டு, திரும்பி என் மடிக்கே வந்துட்டு மாமா. உங்க கண்ணுக்கும் சிக்கலையோ?"