கால் காயும்வரை

புன்னைத்துறைக்கு ராஜா கிடையாது. ஒரு காலத்தில் இருந்தார். கப்பல் வைத்திருந்தவர்கள் அவரிடம் முதலில் நயமாகப் பேசினார்கள், அப்புறம் பயம் காட்டிப் பேசினார்கள், பிறகு பேச வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அதன்பின் ஊரை ஆண்டது வணிகர் சபை. நூற்றெட்டு இருக்கை. சபைத் தலைவரைப் பட்டணசாமி என்று அழைத்தார்கள்.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. அப்பன் உட்கார்ந்த இடத்தில் மகன் உட்கார முடியாது. ஓர் இருக்கை காலியானால், அடுத்து எந்தக் கப்பல் கரைக்கு வருகிறதோ, அதன் சுக்கானைப் பிடித்துத் துறைக்குள் கொண்டுவந்தவனுக்கே அது. என்ன குலம், எந்தத் தெரு என்று கேட்கிற பேச்சே கிடையாது. அவன் கப்பலிலிருந்து தண்ணீரில் குதித்து, ஈரக்காலோடு மண்டபத்து வாசலுக்கு வரவேண்டும். பட்டணசாமி தம் மேல்துண்டால் அவன் காலைத் துடைத்து உள்ளே அழைத்துப்போவார்.

கால் காய்ந்து வந்தால் இருக்கை இல்லை.

அந்த வருஷம் பட்டணசாமியாக இருந்தவர் உய்யவந்தான் செட்டி. அவரே அப்படி ஈரக்காலோடு வந்தவர்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பலின் அடித்தட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆள். இன்று அவருக்கு ஏழு கப்பல், மூன்று கிடங்கு, தோளில் சீனத்துப் பட்டு.

ஒரு நாள் காலையில் அவர் கப்பல் தைக்கும் களத்துக்கு வந்தார். பல்லக்கு இல்லை, குடை பிடிக்க ஆள் இல்லை. நடந்தே வந்தார்.

களத்தின் ஓரத்தில் தென்னங்கீற்றுக் கொட்டகை. அங்கே கயிற்றடிகள் இருந்தார். அந்த ஊர்க் கப்பல்களில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தேங்காய்நார்க் கயிற்றால்தான் தைப்பார்கள். அந்தக் கயிற்றைத் திரிப்பவர் அடிகள். பத்து வருஷத்துக்கு முன்னால், முகம் முழுக்கத் தாடியோடு எங்கிருந்தோ வந்து சேர்ந்தார். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தம்மைக் குருவாக ஏற்றுக்கொண்ட செட்டியாரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். "சிஷ்யனுக்கு நரைச்சுப்போச்சு, குரு இன்னும் கயிறு திரிக்கிறாரே" என்று களத்தில் கேலி பேசுவார்கள். செட்டியார் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். மூத்த மகன் சாத்தன் கடலோடு போன பிறகு, இந்தக் கொட்டகையில் மட்டும்தான் அவருக்கு மூச்சு விட முடிந்தது.

"சாமி, ஒரு கேள்வி" என்றார் செட்டியார்.

"இந்த முனையைப் பிடிங்க" என்றார் அடிகள்.

செட்டியார் மணலில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். அடிகள் இராட்டையைச் சுற்ற ஆரம்பித்தார். இரண்டு பிரியும் முறுக்கேறி ஒன்றையொன்று தழுவின.

"உச்சிப்பொழுதுக்குச் சபை கூடுது. வழக்கத்தை மாத்தணும்னு பாதிப்பேர். சபையில இருக்கிறவங்க பிள்ளைகள்தான் இனிமேல் சபையில உட்காரணும், வாசலை அடைச்சிடணும்கிறாங்க. வேண்டாம்னு பாதிப்பேர். என் ஓலை எந்தக் குடத்துல விழுதோ அதுதான் முடிவு. நான் என்ன செய்யட்டும்?"

"முனையைத் தளர விடாதீங்க" என்றார் அடிகள். "அங்கே தண்ணியில நிக்கிறது யாரு?"

செட்டியார் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவருக்குத் தெரியும். துறைப்படிக்குக் கீழே, முழங்கால் அளவுத் தண்ணீரில், ஒருவன் நேற்று மாலையிலிருந்து நின்றுகொண்டிருந்தான்.

"சேந்தன். என் கப்பல்ல தண்ணி இறைக்கிறவன்."

"ஏன் நிக்கிறான்?"

"கால் காயக்கூடாதே, அதுக்காக."

நடந்தது இதுதான். செட்டியாரின் இளைய மகன் கண்டன், ஈழக்கரையிலிருந்து கப்பலை ஓட்டிக்கொண்டு வந்தான். அவன்தான் கப்பலுக்குத் தலைவன். வழியில் இரண்டு நாள் பேய்க்காற்று. முதல் நாள் தாக்குப்பிடித்தான். இரண்டாம் நாள் சுக்கானை விட்டுவிட்டு அடித்தட்டில் இறங்கி, தலையோடு போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த சேந்தன் மேலே ஏறிச் சுக்கானைப் பிடித்தான். துறைக்குள் நுழையும்வரை அவன் கை அதை விடவில்லை.

சபையில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. சேந்தன் ஈரக்காலோடு மண்டபத்து வாசலுக்கு வந்தான். "நாளை உச்சிக்குச் சபை கூடிப் பேசும், அதுவரை பொறு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் கால் காய்ந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. சேந்தன் பேசாமல் திரும்பிப்போய்த் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டான். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"பொறுன்னு சொன்னது யாரு?" என்று கேட்டார் அடிகள்.

செட்டியார் கையிலிருந்த முனையை இறுக்கிப் பிடித்தார்.

"நான்தான்."

அடிகள் இராட்டையை நிறுத்தவில்லை. அது கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"தப்புன்னு சொல்றீங்களா சாமி?"

"நான் எங்கே சொன்னேன்? யாரு சொன்னதுன்னு கேட்டேன்."

செட்டியாருக்குச் சுருக்கென்றது. குரல் உயர்ந்தது.

"அவன் சுக்கானைப் பிடிச்சான், இல்லேங்கல. பொன்னும் பொருளும் கொடுக்கிறேன், வீடு கட்டித் தரேன். ஆனா கப்பல் கரை சேர்ந்தது அவன் கையால மட்டுமா? உங்களுக்குத் தெரியாததா? என் ராசிக்கயிறு அந்தக் கப்பலோட அடிமரத்துல இருக்கு. நான் கொண்டுவந்த முதல் கப்பலோட கயிறு. முப்பது வருஷம் பூசையில வச்சிருந்தேன். சாத்தன் கப்பல்ல அதைத் தைக்காம விட்டேன், பிள்ளையைப் பறிகொடுத்தேன். கண்டன் கப்பலைத் தைக்கும்போது உங்க கையில கொண்டுவந்து கொடுத்தேனா இல்லையா? அந்தக் கயிறுதான் காப்பாத்துச்சு. என் ராசி, என் வீட்டு ராசி. அது என் பிள்ளைக்குத்தானே போகணும்?"

புன்னைத்துறை வணிகர்களுக்கு இந்தப் பைத்தியம் உண்டு. கப்பல் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கரையேற்றித் தையலைப் பிரித்து, புதுக் கயிற்றால் தைப்பார்கள். லாபம் கொழித்த பயணமாக இருந்தால் பழைய கயிற்றை எறிய மனம் வராது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வீட்டில் தொங்கவிடுவார்கள். அடுத்த கப்பலில் அதில் ஒரு முழமாவது சேர்த்துத் தைக்கச் சொல்லி அடம்பிடிப்பார்கள். தைக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டு தைப்பார்கள்.

அடிகள் இராட்டையை நிறுத்தினார். எழுந்து கொட்டகையின் மூலைக்குப் போனார். கூரைக்கழியிலிருந்து ஒரு கயிற்றுச் சுருளை எடுத்துவந்து செட்டியாரின் மடியில் வைத்தார்.

மஞ்சள் பூசிய கயிறு. குங்குமம் கறுத்துக் கிடந்தது.

செட்டியார் அதைப் பார்த்தார். அடிகளைப் பார்த்தார். திரும்பக் கயிற்றைப் பார்த்தார்.

"இது..."

"உங்க கயிறுதான்."

"தைக்கலையா?"

"தைக்கலை."

"நான் சொன்னேனே! உங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சிச் சொன்னேனே! என் பிள்ளை உயிர் சாமி அது! சரின்னு தலையாட்டிட்டு என்னை ஏமாத்திட்டீங்களே!"

"இழுத்துப் பாருங்க."

செட்டியார் கயிற்றின் ஒரு முழத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கோபத்தோடு இழுத்தார். இழுத்த வேகத்தில் பின்னால் சாய்ந்தார். கயிறு சத்தமே இல்லாமல் பிரிந்துவிட்டது. வெளியே மஞ்சள் மினுங்கியது, உள்ளே நார் பொடியாகி மூக்குப்பொடி மாதிரி அவர் வேட்டியில் கொட்டியது.

அவர் அந்தப் பொடியைத் தட்டிவிடவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ என் பிள்ளை கப்பலைத் தைச்சது?"

"புதுசு. போன மார்கழியில திரிச்சது."

துறைப் பக்கமிருந்து ஒருமுறை சங்கு ஊதிற்று. சபைக்கு ஆட்கள் கூட ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். மூன்றாவது சங்குக்குள் பட்டணசாமி மண்டபத்தில் இருக்கவேண்டும். செட்டியார் எழுந்திருக்கவில்லை. இப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பிச் சேந்தனைப் பார்த்தார். வெயில் ஏறியிருந்தது. அவன் ஒரு கையால் படித்துறைக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரவில்லை.

அவர் பேசியபோது குரலில் பட்டணசாமி இல்லை.

"சாமி, உள்ளதைச் சொல்றேன். குலமும் தெருவும் எனக்கு என்ன? நானே அவன் உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்து தண்ணி இறைச்சவன். வாசலை அடைச்சா கண்டன் இனிமேல் கடலுக்குப் போகவேண்டாம். வீட்டுல இருந்தே சபைக்கு வந்துடலாம். திறந்து வச்சா அவன் மறுபடியும் போகணும். நேத்து ராத்திரி என் காலைக் கட்டிக்கிட்டு, 'அப்பா, நான் படுத்துட்டேன், அவன்தான் பிடிச்சான்'னு அழுதான். பொய் சொல்லலை சாமி, நல்ல பிள்ளை. ஆனா கடலுக்கு ஆகாது. எனக்குப் பயமா இருக்கு. ஒண்ணைக் கொடுத்துட்டேன். இன்னொண்ணைக் கொடுக்க என்னால முடியாது."

அவர் அழுதார். அடிகள் தடுக்கவில்லை. அழுது முடியட்டும் என்று விட்டுவிட்டு நாரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சங்கு ஊதிற்று.

"அன்னிக்கு உங்க காலைத் துடைச்சது யாரு?" என்று கேட்டார் அடிகள்.

"அப்போ பட்டணசாமியா இருந்த பூதனார்."

"துடைச்சது ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? கை கிடுகிடுன்னு நடுங்குச்சு. ஒரு காலைத் துடைச்சு முடிக்கவே நேரமாச்சு. வயசான மனுஷன், பாவம்னு நினைச்சேன்."

"அவருக்கு அப்போ ஐம்பதுகூட ஆகலை."

செட்டியார் நிமிர்ந்தார்.

"வேற என்ன ஞாபகம் இருக்கு?"

"தூணோரம் ஒருத்தன் நின்னான். இருபது வயசிருக்கும். வாயைத் துணியால பொத்திக்கிட்டு அழுதான். யாரோ என்னமோன்னு நான் தாண்டி உள்ளே போயிட்டேன்."

"பூதனாரோட ஒரே மகன். கடல்னா அவனுக்கு நடுக்கம். உங்களுக்குக் கிடைச்ச அந்த இருக்கையை எப்படியாவது அவனுக்கு ஆக்கிடுங்கன்னு சபையில எத்தனையோ பேர் சொன்னாங்க. வாசலை அடைக்கிற பேச்சு அன்னிக்கும் இருந்துச்சு. நீங்க ஈரக்காலோட வந்து நின்னீங்க. அவர் துண்டை எடுத்துக்கிட்டு இறங்கி வந்தார்."

செட்டியார் தம் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். வெள்ளிக் கழல் போட்ட கால்.

"எனக்குத் தெரியாதே" என்றார். "முப்பது வருஷமா யாரும் சொல்லலையே."

"அவர் யாரையும் சொல்ல விடலை."

"அந்தப் பையன் என்ன ஆனான் சாமி?"

அடிகள் இராட்டையின் முன்னால் உட்கார்ந்தார். விட்ட இடத்திலிருந்து முனையை எடுத்து மாட்டினார்.

"ஊரை விட்டுப் போனான். ரொம்ப நாள் அப்பனைத் திட்டிக்கிட்டே திரிஞ்சான். அப்புறம் திரும்பி வந்தான். போன மார்கழியில உங்க பிள்ளை கப்பலுக்குக் கயிறு திரிச்சான்."

மூன்றாவது சங்கு ஊதிற்று.

உய்யவந்தான் செட்டி மடியிலிருந்த பொடியைத் தட்டிவிட்டு எழுந்தார். தோளிலிருந்த சீனத்துப் பட்டை எடுத்துக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, சேந்தன் நின்ற பக்கமாக நடந்தார்.