வழிகாட்டியின் முதல் கேள்வி

நந்தகோபன் மடத்துக்குள் நுழையும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஏரியை ஒட்டி, ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான். அன்று ஞாயிற்றுக்கிழமை. மடத்துச் சாமி அன்னதானத்துக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு ஒருத்தியைத் திட்டத்துல இருந்து தூக்கப் போறேன் சாமி,” என்றான்.

சாமி இன்னொரு கத்தியை அவன் பக்கம் தள்ளினார். “உக்காரு. நறுக்கிக்கிட்டே சொல்லு.”

நந்தகோபனின் கம்பெனி, பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டச் சனிக்கிழமைதோறும் ஊழியர்களை அனுப்புகிறது. ஆளுக்கொரு பிள்ளை. ஊழியர்களுக்கு நீலச் சட்டை உண்டு. அதன் முதுகில் கொட்டை எழுத்தில் ‘வழிகாட்டி’ என்று போட்டிருக்கும். எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது தெரியாது, பின்னால் நின்று போட்டோ எடுப்பவருக்குத்தான் தெரியும். கடைசிவரை திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கம்பெனியே பாலிடெக்னிக்கில் படிக்க வைக்கும். நடுவில் போனால் படிப்பும் போச்சு. வழிகாட்டி சொல்வதுதான் முடிவு.

“அப்படி என்ன செஞ்சிட்டா?”

“மோனிஷான்னு பேரு. நேத்துதான் முதல் தடவையா பாக்கறேன். அன்பாத்தான் ஆரம்பிச்சேன். அப்பா என்ன பண்றாருன்னு கேட்டேன். செத்துட்டாருன்னா. எப்படிம்மான்னு கேட்டேன். அவ்வளவுதான் சாமி. கம்பெனி குடுத்த பையைத் தூக்கி என் மூஞ்சியில அடிச்சா. போய்யான்னு கத்தினா. எல்லார் முன்னாலயும்!”

“முதல் நாளே ஏன் அதைக் கேட்ட?”

“பயிற்சியில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. முதல்ல குடும்பத்தைப் பத்திக் கேளுங்க, மனசு விட்டுப் பேசுவாங்கன்னு.”

அவமானம் இன்னும் அவன் கன்னத்தில் எரிந்துகொண்டிருந்தது. தன் சனிக்கிழமையை விட்டுக்கொடுத்துப் போனவனுக்கு இதுதான் மரியாதையா? பூசணிக்காயைக் கண்டபடி வெட்டினான்.

சாமி நறுக்குவதை நிறுத்தினார். பிறகு, “நந்தா, உன் தம்பி எப்படிப் போனான்?” என்று கேட்டார்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்குத் தெரியாததா சாமி? உங்க மடியில படுத்துத்தானே அழுதேன்.”

“இன்னொரு தடவை சொல்லேன்.”

சாமி கேட்டு எப்படி மறுப்பது? சொன்னான். தம்பி ஏரியில் இறங்கியதை, தான் கரையில் போன் பேசிக்கொண்டு நின்றதை, திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் மட்டும் இருந்ததை.

“ஐயோ பாவம்,” என்று சாமி எழுந்து சமையற்கட்டுக்குள் போனார். உள்ளே அவர் யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது கேட்டது.

சமையல்காரர் பொன்னுரங்கம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சாமி இருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

“தம்பி, உங்க தம்பி எப்படிப் போனாரு?”

“இப்பத்தானே சாமிகிட்ட சொன்னேன்!”

“அவரு போயிட்டாரு. இனிமே நான்தான். மனசு விட்டுச் சொல்லுங்க.”

நந்தகோபன் பல்லைக் கடித்தான். “ஏரியில போயிட்டான். நான் பாக்கல.”

“ஐயோ பாவம்,” என்று பொன்னுரங்கமும் எழுந்து போனார்.

அடுத்து வந்தவள் பாத்திரம் கழுவும் தெய்வானை. கையில் போன் இருந்தது.

“அண்ணே, உங்க தம்பி எப்படிப் போனாருன்னு... இருங்க, இருங்க, நீங்க சொல்றப்ப ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.”

கையிலிருந்த பூசணித் துண்டு பறந்து போய்ச் சுவரில் மோதியது.

“போங்க எல்லாரும்!” அவன் குரல் கூடத்தையே அதிர வைத்தது. “ஒருத்தனை எத்தனை தடவைதான் சாகடிப்பீங்க?”

தெய்வானை பயந்து உள்ளே ஓடினாள். சாமி வெளியே வந்தார். சுவரோரம் கிடந்த துண்டை எடுத்துக் கழுவி, குவியலில் போட்டார்.

“அந்தப் பொண்ணுக்கு உனக்கு முன்னால எத்தனை வழிகாட்டி?”

“மூணு மாசத்துக்கு ஒருத்தர் மாறுவோம் சாமி. எனக்கு முன்னால... நாலு பேர்.”

“எல்லாருக்கும் ஒரே பயிற்சிதானே?”

நந்தகோபன் கத்தியைக் கீழே வைத்தான். கோபம் போய்விடவில்லை. அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

“நீ மூணாவது ஆளுக்கே வீசிட்ட,” என்றார் சாமி. “அவ அஞ்சாவது ஆள் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டான். மனம் லேசானதுபோல இருந்தது. கெட்டிக்காரன், பாடம் உடனே புரிந்துவிட்டது.

“அவளைத் தூக்க மாட்டேன் சாமி. சனிக்கிழமை போய் மன்னிப்புக் கேக்கறேன். இனிமே அவளை எதுவும் கேக்க மாட்டேன். நான் இருக்கேன், பயப்படாதேன்னு மட்டும் சொல்றேன்.”

அப்போதுதான் சாமிக்குக் கோபம் வந்தது. கத்தியை நறுக்கும் பலகையில் ஓங்கிக் குத்தினார்.

“எத்தனை நாளைக்குடா இருப்ப?”