மாதியின் கஞ்சியும் நானோ பொடியும்

நீலகிரிச் சரிவில் ஒரு கோதுமைப் பண்ணை. கூலிக்காரி மாதி நுண்ணுயிர் உரத்தைக் கஞ்சியில் கரைத்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

முதலாளியின் மச்சான் அருளாளன் நானோ உரப் பொடி விற்க வந்திருந்தார். கூடியிருந்த விவசாயிகளிடம், “நம்ம பொடியோட துகள் கிருமியைவிடப் பொடிசு!” என்று முழங்கினார். பிறகு மாதியிடம் திரும்பினார்.

“உன் கஞ்சியில உயிர் இருக்காமே? இப்பவே கண்ணுக்குக் காட்டு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

மாதி கையைத் துடைத்துக்கொண்டாள்.

“காட்டறேன் சார். உங்களுதுதானே பொடிசு? முதல்ல அதுல ஒண்ணே ஒண்ணைக் காட்டுங்க. பெருசை நான் அப்புறம் காட்டறேன்.”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. முதலாளி இரண்டையுமே வயலுக்குப் போடச் சொன்னார்.

அறுப்பன்று கதிர்கள் கனத்துத் தலைசாய்ந்து நின்றன. அருளாளன் மாதியின் பக்கம் மெல்ல ஒதுங்கினார்.

“உன் உரத்தைக் கரைக்கக் கஞ்சி எவ்வளவு கெட்டியா இருக்கணும்மா?”