வலை, ட்யூப், வெடி

நீதிபதி ஆவுடையப்பன் நறுக்குத் தெறித்தாற்போல் தீர்ப்பு எழுதுகிறவர். அப்பேர்ப்பட்டவர் நான்கு நாளாகப் பேனாவைத் திறக்கவில்லை. கடைசியில் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு, தாம் குருவாக வணங்கும் சாமியம்மாவின் குடிலுக்குப் போய் உட்கார்ந்தார்.

அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“மாடக்கண்ணுன்னு ஒருத்தன்மா. குத்தகைக் குளத்துல திருட்டு மீன் பிடிக்கிறவன். மூணாவது தடவையா மாட்டியிருக்கான்.”

“மொதத் தடவை என்ன செஞ்ச?”

“வலையைக் கொளுத்தச் சொன்னேன்.”

“ரெண்டாவது?”

“லாரி ட்யூப்ல மிதந்துக்கிட்டுத் தூண்டில் போட்டான். ரெண்டையும் அறுத்துப்போடச் சொன்னேன்.”

அந்த இரண்டு தீர்ப்புக்கும் குத்தகைக்காரர்கள் வீடு தேடி வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மனிதருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“அவனுக்கு வேற தொழில் தெரியாதா?”

“நானும் கேட்டேன். மூணு பிள்ளைங்க, குளத்தை விட்டா கதியில்லைன்னான். சாக்கு சொல்றான்னு நெனச்சேன்.”

“இப்போ?”

ஆவுடையப்பன் கேஸ் கட்டைத் தரையில் வைத்தார்.

“கல்குவாரி வெடியைக் கொளுத்திக் கரையில நின்னு வீசப் பார்த்திருக்கான். கையிலேயே வெடிச்சிட்டு. வலது கை மணிக்கட்டோட போச்சு. நாளைக்குத் தீர்ப்பு. விட்டா ஆளாளுக்கு வெடியைத் தூக்குவான். உள்ள போட்டா... கூண்டுல நின்னு அந்த மொட்டைக் கையால என்னைக் கும்பிடப் பார்க்கான்மா. பார்க்க முடியல. நான் என்ன எழுத?”

“எழுதத்தானே வந்த? எழுது.”

பேனாவை எடுத்தார். அம்மா அதை வெடுக்கென்று பிடுங்கி அடுப்பில் போட்டாள். மகள் ஆசையாக வாங்கித் தந்த பேனா. அவருக்குச் சுருக்கென்றது.

“எழுது.”

பையைத் துழாவி ஒரு பென்சிலை எடுத்தார். அதுவும் அடுப்புக்குள் போனது.

“எழுது.”

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. வெறும் கையை விரித்துக் காட்டினார்.

“எதை வச்சும்மா எழுத? எழுதாம இருக்க வேண்டியதுதான்.”

அம்மா ஒரு கீரைத்தண்டை ஒடித்தாள்.

“இருக்கலாம். நீ எழுதாட்டாலும் ராத்திரி உன் வீட்ல உலை கொதிக்கும்.”