வீடு மாறப் போன பவளப் புழு

பிள்ளைகளே, கடலடிச் சமாச்சாரம். எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. சிரிப்பதானால் முடிந்த பிறகு சிரியுங்கள்.

ஒரு கடலில், மான்கொம்பு போலக் கிளைத்த பவளம் ஒன்று இருந்தது. அதில் ஒட்டி என்ற புழு குடியிருந்தாள். அரிசியைவிடச் சிறியவள், அப்பளம் போலத் தட்டையானவள், செம்பழுப்பு நிறத்தாள். அவள் அம்மா பிறந்ததும் அதே கொம்பில்தான்.

ஒருநாள் ஊர்சுற்றி என்ற புழு வந்தான். அதே அளவு, அதே நிறம். ஆனால் எந்தப் பவளம் கிடைத்தாலும் படுத்துவிடுவான்.

"என்ன ஒட்டியக்கா, இன்னும் இந்தக் குச்சியிலேயா? அந்த உருண்டைப் பவளத்தைப் பாருங்கள், மெத்தை மாதிரி!"

"எனக்கு ஒத்துக்கொள்ளுமா தம்பி?"

"எனக்கு ஒத்துக்கொள்கிறதே! நீங்களும் நானும் ஒரே அச்சு. உங்களுக்கு மட்டும் என்ன வேறு வயிறா?"

மெத்தை ஆசை யாரை விட்டது? ஒட்டி கிளம்பினாள்.

உருண்டைப் பவளத்தில் காலை வைத்தாள். காலேது? வயிற்றை வைத்தாள். வழுக்கியது. அழுத்தி வைத்தாள். இன்னும் வழுக்கியது. பக்கத்தில் ஊர்சுற்றி குறட்டை விட்டான். இவளோ உருண்டுகொண்டே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வரிமீன் வந்தது.

"ஆகா, பலகாரம்! ஆனால் மான்கொம்புப் புழு கசக்கும், மற்றது தித்திக்கும். பார்த்தால் தெரிந்து தொலைக்காது. போன தடவை தப்பாகக் கடித்துவிட்டு நாள் முழுக்கத் துப்பினேன். உங்களில் கசப்பு யார்?"

"நான்தான் அண்ணே!" என்றாள் ஒட்டி.

விழித்துக்கொண்ட ஊர்சுற்றி, "நானும்தான் அண்ணே!" என்றான்.

"இரண்டு பேருமா? சரி, இரண்டையும் கடித்தே பார்க்கிறேன்."

ஒட்டி நடுங்கினாள். நடுக்கத்தில் மறுபடி வழுக்கினாள். சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது.

"அண்ணே, கடிக்க வேண்டாம், பாருங்கள்! மான்கொம்பில் பிறந்த வயிறு இங்கே ஒட்டாது. யார் வழுக்குகிறாரோ அவர் கசப்பு."

ஊர்சுற்றியும் வழுக்கப் பார்த்தான். நெளிந்தான், முக்கினான், மூச்சைப் பிடித்தான். அவன் வயிறு பசை போல ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை.

"லபக்!"

வால் போயிற்று. மிச்சம் பவளத்தின் இடுக்கில் புகுந்து தப்பியது.

"தித்திப்பேதான்!" என்றபடி மீன் நகர்ந்தது.

ஒட்டி ஒரு நொடிகூட நிற்கவில்லை. உருண்டு புரண்டு தன் கொம்புக்கே போய், கிளையின் அடிப்பக்கத்தில் வயிற்றை அழுத்தி ஒட்டிக்கொண்டாள்.

நீதி: பார்வைக்கு ஒன்றுபோல இருப்பவர் எல்லாம் ஒன்றல்ல, அடுத்தவருக்குப் பொருந்தும் இடம் நமக்கும் பொருந்தும் என்று நம்பிப் போகாதே.