திருமேனி எதிர் எவருமில்லை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா, நான்கு நாள் அடைமழையில் வேட்டைக்குப் போக முடியாமல் அடைந்து கிடந்தபோது, அவருக்கு ஓர் ஆசை பிடித்தது. அரண்மனை வேலைக்காரர்களில் யாருக்குக் கைவலு அதிகம் என்று பார்த்துவிட வேண்டும். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, பலகைமேல் முழங்கை ஊன்றி, கைகோத்து மடக்க வேண்டும். தோற்றவர் வெளியே. வென்றவர் அடுத்த சுற்றுக்கு. கடைசியில் மிஞ்சுகிறவருக்கு ஆற்றங்கரையில் ஒரு காணி நஞ்சை.

ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். போட்டியை நடத்தும் பொறுப்பு விகடகவி பிச்சாண்டிக்கு வந்தது. ஜோடி சேர்க்கும் ஓலையை மட்டும் பிரதானி தில்லைராயர் முந்திக்கொண்டு எழுதி, ராஜ முத்திரையும் வாங்கிவிட்டார். பிச்சாண்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

ஓலையைப் படித்த பிச்சாண்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்பது பேரை ஜோடி சேர்த்தால் ஒருவர் மிஞ்சுவார். அவர் மோதாமலே மேலே போவார். அடுத்த சுற்றின் ஐந்து பேரிலும் ஒருவர் மிஞ்சுவார், அதற்கடுத்த மூன்று பேரிலும் மிஞ்சுவார். மூன்று இடத்திலும் ஒரே வரிதான் எழுதியிருந்தது: 'திருமேனி எதிர் எவருமில்லை.' திருமேனி, பிரதானியின் மச்சினன்.

நெல் குத்தும் பூவாயியும் பெயர் கொடுத்திருந்தாள். சேதி கேட்டு ஓடிவந்தாள்.

"இது நாயமா சாமி? நாங்க மூணு வாட்டி கை கடுக்க மடக்கிட்டு வருவோம். அவரு வெத்தலையை மென்னுக்கிட்டு வந்து குந்துவாரா?"

பிச்சாண்டி நேரே சபைக்குப் போனான். "மகாராஜா, இது போட்டியல்ல, மோசடி!"

"பொறாமை பேசுகிறது, அரசே," என்றார் தில்லைராயர். "முத்திரை விழுந்த ஓலையைத் திருத்துவது ராஜநிந்தனை."

ராஜாவின் முகம் கறுத்தது. "ஓலையில் உள்ளபடியே நடத்து, பிச்சாண்டி. ஓர் எழுத்துப் பிசகினாலும் நாட்டைவிட்டுப் போய்விடு."

"அப்படியே ஆகட்டும்," என்றான் பிச்சாண்டி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

மறுநாள் காலை நான்கு ஜோடிகளும் மோதி முடித்தன. பூவாயி ஒரு தோட்டக்காரனை மடக்கினாள். அடுத்து பிச்சாண்டி உரக்கக் கூவினான்: "திருமேனி எதிர் எவருமில்லை! பலகைக்கு வரலாம்."

"நான் எதற்கு வரவேண்டும்? எனக்குத்தான் எதிராளியே இல்லையே," என்றான் திருமேனி.

"ஓலையில் ஆட்டம் என்று எழுதியிருக்கிறது. உட்காருங்கள். முழங்கையை ஊன்றுங்கள்."

திருமேனி சிரித்துக்கொண்டே கையை நிமிர்த்தி உட்கார்ந்தான். சிறிது நேரத்தில், "முடிந்ததா?" என்றான்.

பிச்சாண்டி ஓலையை உயர்த்திப் படித்தான்: "'இருவரில் ஒருவர் கை பலகையில் படும்வரை ஆட்டம் முடியாது.' எவருமில்லையின் கை இன்னும் படவில்லை."

தில்லைராயர் துள்ளி எழுந்தார். "என்ன கூத்து இது!"

"தங்கள் கையெழுத்து, பிரதானியாரே. ஓர் எழுத்தை மாற்றச் சொல்கிறீர்களா?"

பிரதானி ராஜாவைப் பார்த்தார். ஆட்டம் நடக்கட்டும் என்று ராஜா சைகை காட்டினார். ஒரு நாழிகை போனது. திருமேனிக்கு வியர்த்தது. இரண்டாம் நாழிகையில் தோள் நடுங்கியது. மூன்றாம் நாழிகையில் கை தானாகவே சரிந்து பலகையில் பொத்தென்று விழுந்தது.

"எவருமில்லையிடம் தோற்றார் திருமேனி! வெளியே!"

சபை அதிர்ந்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிச்சாண்டி சிரிக்கவில்லை. "எனக்குச் சிரிப்பு வரவில்லை, மகாராஜா. வேர்வை சிந்துகிறவர்களுக்குச் சேரவேண்டிய நிலத்தைப் பறிக்க எழுதிய ஓலை இது. இதில் இருப்பது தங்கள் முத்திரை."

சிரிப்பு நின்றது. ராஜா ஓலையை வாங்கி முதல்முறையாக முழுவதும் படித்தார். பிறகு, "படிக்காமல் முத்திரை வைத்துவிட்டேன். தவறு என்னுடையது," என்றார். "மிச்சமுள்ள நால்வரின் பெயரையும் குடத்தில் போட்டுக் குலுக்கு. வரும் ஜோடி வரட்டும். தில்லைராயரே, இனி நீர் எந்த ஓலையையும் தொட வேண்டாம்."

இறுதியில் பூவாயியும் யானைப்பாகன் சடையனும் மோதினார்கள். சடையன் முகம் சிவக்க முக்கினான். உலக்கை பிடித்த கை மெல்ல மெல்ல அவன் கையைச் சாய்த்துப் பலகையோடு அழுத்தியது.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டார். பூவாயி கும்பிட்டுவிட்டுத் தயங்கி நின்றாள்.

"என்னம்மா?" என்றார் ராஜா.

"ஒரு காணின்னா எம்புட்டுத் தூரம் சாமி? எங்க வம்சத்துல யாருக்கும் நெலம் இருந்ததில்லை."

ராஜா மறுபடியும் வாய்விட்டுச் சிரித்து, சிம்மாசனத்தைவிட்டு இறங்கினார்.

"வா, நடந்தே அளந்து பார்த்துவிடலாம்!"

மூவரும் மழையில் இறங்கி நடந்தார்கள்.