அண்ணாச்சி பிடித்த பிங் நாடி

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று சொல்லிவைத்தவர், பல்கலைக்கழகப் பெண்கள் விடுதி மெஸ்ஸை எட்டிப் பார்த்ததில்லை. அங்கே நெட்வொர்க் பொறுப்பாளர் ஆவுடையப்பன் அண்ணாச்சி நாலாவது வடையில் இருந்தார்.

எதிரே விடுதி மாணவி பெனிட்டா டீயைத் தள்ளிவைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்திருந்தாள். ஏழு மணிக்கு ஜெர்மனியிலிருந்து ஆன்லைன் நேர்காணல். ஆராய்ச்சி இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான். பையன்கள் பத்து மணிவரை லேபில் உட்காரலாம். பெண்களுக்கு ஆறு மணிக்கே கேட் பூட்டு. விடுதி இணையத்தை நம்பி இருப்பதா, பூட்டுவதற்குள் டவுன் பிரவுசிங் சென்டருக்கு ஓடுவதா? மணி ஐந்தரை.

“பையன்களுக்கு மட்டும் ஏன் பத்து மணி, அண்ணாச்சி?”

“பொம்பளப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு முக்கியம்லா!”

“சரி, இதையாவது சொல்லுங்க. நம்ம விடுதிக்கு வாறது ஃபைபரா?”

“சுத்த ஃபைபர்!”

அவள் லேப்டாப்பைத் திருப்பினாள். பிங் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு துளிச் செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்டு என்று வரிவரியாக எண் விழும். ஒரே அளவாக விழுந்தால் ஃபைபர் கம்பி. தவளையாகத் துள்ளினால் செல்போன் டவர். இங்கே நாற்பது, முந்நூறு, எழுபது, தொள்ளாயிரம்.

“துள்ளுதே?”

“ஃபைபருக்குள்ள ஓடுறது வெளிச்சம், பிள்ளே. சந்தோஷத்துல துள்ளத்தான் செய்யும். நான்லாம் எண்ணே பாக்க மாட்டேன். கீபோர்டுல மூணு விரல் வச்சா நாடி பேசும். வாதம்னா டவர், பித்தம்னா செம்புக்கம்பி, கபம்னா சாட்டிலைட்டு. வள்ளியூர்ல ஒரு காலேஜுல நாடி பிடிச்சு, ‘செம்புக்கம்பி, மூணாவது போஸ்டுல காக்கா உக்காந்திருக்கு’ன்னேன். போய்ப் பாத்தா, காக்கா!”

“ஒத்தக் காக்காயா?” என்றாள் பக்கத்திலிருந்த முத்துச்செல்வி.

“ரெண்டு. ஒண்ணு அப்பத்தான் பறந்திருந்துச்சு. கம்பியில சூடு ஆறல.”

மெஸ் சிரித்தது. அண்ணாச்சிக்குச் சிரிப்பெல்லாம் கைத்தட்டல்தான்.

“இதென்ன! கடலுக்கடியில போற கேபிள்ல ஒருநாள் நாலு மில்லிசெகண்டு கூடுச்சு. சுறா கடிக்குன்னு சொன்னேன், வெள்ளக்காரன் நம்பல. இங்க இருந்தே பலமா ஒரு பிங் அடிச்சேன். சுறா வாயைத் திறந்துட்டு ஓடுச்சு. தூத்துக்குடியில வலையில மாட்டினப்ப பாத்தா, கடவாய்ப் பல்லு ரெண்டக் காணல!”

“கேபிள்லயே இருக்குமோ?”

“இன்னைக்கும் இருக்கு! இன்னொரு பிங் ரெண்டரை செகண்டு கழிச்சு வந்துச்சு. நிலாவுல போய் முட்டிட்டு வந்திருக்கு, மேலெல்லாம் மண்ணு. ஊதித் துடைச்சுத்தான் கம்ப்யூட்டருக்குள்ள விட்டேன்.”

“நிலாவரைக்கும் போறது நம்ம காம்பவுண்டைத் தாண்ட இந்தப் பாடு படுதே. அதுக்கும் ஆறு மணிக்குக் கேட் பூட்டா?” என்றாள் பெனிட்டா.

ஒரு வாரமாக அவள் குறித்துவைத்திருந்தாள்: இணையம் தினமும் பதினொன்றுக்கும் நாலேகாலுக்கும் சாகிறது. அண்ணாச்சி டீக்கடைக்குப் போகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை, அவர் விடுமுறையில், இணையம் எழுந்திருப்பதே இல்லை; ஆறுக்குமேல் அவர் கேட்டடியில் அரட்டையடிக்கும் நாளில் உயிரோடு இருக்கிறது, வீட்டுக்குப் போன நாளில் இல்லை. நாடி பார்க்க அவளுக்கும் விரல் இருந்தது. மேசைக்கடியில் தன் போனில் ஒரு நம்பரை அழுத்தினாள்.

அண்ணாச்சியின் சட்டைப்பையில் போன் அலறியது. “ஹலோ?”

லேப்டாப்பில் எண்கள் நின்றன. மாடியிலிருந்து நாற்பது குரல்: “ஏ, நெட்டு போச்சு!”

அவள் துண்டித்தாள். எண்கள் துள்ளின. மறுபடி அழைத்தாள். மறுபடி மாடி அலறியது. சுவரிலிருந்த வைஃபை பெட்டி மட்டும் பச்சை விளக்கோடு சும்மா சிரித்தது.

“சுத்த ஃபைபர்ங்கிறது உங்க போன் ஹாட்ஸ்பாட்டா, அண்ணாச்சி?” என்றாள் பெனிட்டா.

அண்ணாச்சி வடையை மென்று முடித்தார். “அதுவா? உலகத்து ஃபைபர் எல்லாத்துக்கும் ஒரு முனை வேணும்லா. நம்பிக்கையான ஆளு சட்டைப்பையிலதான் வைக்கணும்னு மேலிடத்துல சொல்லிட்டாவ.” மெல்ல எழுந்தார். “ஆறாகப் போகுது. ஆம்பிள உள்ள இருக்கக் கூடாது, வாறேன்.”

பெனிட்டா வாசல் பக்கம் திரும்பி, கேட் காவலர் பேச்சியம்மாளைக் கூப்பிட்டாள்.

“அக்கா, கேட்டை இப்பவே பூட்டுங்க. எட்டு மணிவரைக்கும் எங்க ஃபைபர் வெளிய நடமாடக் கூடாது.”

பிறகு அண்ணாச்சிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க அண்ணாச்சி. பாதுகாப்பு முக்கியம்லா.”